மேல் வீட்டு வாணலி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதறேன். நாங்க ரெண்டு பேரும் ஏதோ ஒப்பேத்திக்கிட்டு இருக்கோம், நீ அதைவிட ஒரு படி மேலா நல்லா இருக்கணும். அப்பாவுக்கு இன்னும் கால்கட்டுப் பிரிக்கலை, கட்டில்லேர்ந்து கழிப்பறை வரைக்கும் என் தோள்தான் அவருக்கு ஊன்றுகோல், அவரை விட்டுட்டுத் தெருமுனைக் கடைக்குப் போகக்கூடப் பயமா இருக்கு. படியேற முடியாத மனுஷனை வச்சுக்கிட்டு இந்தக் கீழ் வீட்டை விட்டா வேற போக்கிடம் இல்லை, அது மேல் வீட்டுல இருக்கிற வீட்டுக்காரருக்கும் நல்லாத் தெரியும்.

அந்த மனுஷன்கிட்ட நானாப் போய் மாட்டிக்கிட்டேன். மாடிப்படிக்கு அடியில அவரோட சட்டி ஒண்ணு துருப்பிடிச்சுக் கிடந்தது, கை சும்மா இருக்கேன்னு எடுத்தேன். தட்டினா கணீர்னு சத்தம், விளிம்புல அச்சுத் தடம், தகடு இல்லை வார்ப்பிரும்புதான்னு புரிஞ்சுது. வினிகர் தண்ணியில ஊறவச்சு, கம்பிநாரால சுரண்டி, அடுப்புல ஈரம் போகக் காயவச்சு, எண்ணெயைப் பட்டும் படாம தடவிப் புகைய விட்டு, ஆறினதும் மறுபடி தடவி, நாலஞ்சு தடவை பழக்கினதும் கருகருன்னு மின்ன ஆரம்பிச்சுது. வீட்டுக்காரர் வாய் நிறையப் பாராட்டினார், மறுநாள்லேர்ந்து அவர் அக்கா வீட்டுச் சட்டி, சிநேகிதர் வீட்டுச் சட்டின்னு ஒவ்வொண்ணா இறங்கி வந்தது. முடியாதுன்னு சொல்ல நாக்கு எழலை. வேலியில போன ஓணானை மடியில கட்டினவங்க உண்டு, நீ வாணலியைக் கட்டிக்கிட்டேன்னு அப்பா படுத்த இடத்துலேர்ந்தே சிரிக்கறார்.

போன வாரம் ஒரு பெரிய வாணலியோட வந்தார். அவங்க அப்பாவோடதாம், மகள் ஆறு மாசமா இருக்கா, இங்கேதான் தங்கப்போறா, இதுலதான் சமைச்சுப் போடணும்னார். துருவைச் சுரண்டினா அடியில சாம்பல் நிறத்துல ஒரு திட்டு, நகம் பட்டாலே கீறல் விழுந்து பளபளங்குது. இரும்புன்னா நகத்துக்கு மசியுமா. உங்கப்பா என்ன தொழில் பண்ணினார்னு பேச்சோட பேச்சாக் கேட்டேன். பழைய பேட்டரியைப் பிரிச்சுக் காரீயம் உருக்குவார்னு பெருமையாச் சொன்னார். உடனே சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். எவ்வளவு தேய்ச்சாலும் நம்பிச் சமைக்க முடியாத விஷம் அது, வயித்துல இருக்கிற பிள்ளையைத்தான் முதல்ல பிடிக்கும். சொன்னா வீடு போகும், சொல்லாட்டி ஒரு உயிரு. இன்னும் பழகலைன்னு சாக்குச் சொல்லி வாணலியைக் கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சேன். அந்தப் பொண்ணே ஒருநாள் கீழே வந்து, கால் வீங்கிப்போச்சு, கொஞ்சம் உக்காரட்டுமான்னு கேட்டா. உன் வயசுதான் இருக்கும். அவ போனதும் அப்பா, வீடு கிடக்கட்டும், போய்ச் சொல்லிடுன்னுட்டார்.

வாணலியையும் எடுத்துக்கிட்டு மேலே போய்ச் சொன்னேன். நாமெல்லாம் ஈயம் பூசின பாத்திரத்துல சாப்பிடாதவங்களான்னு கேட்டார். அது வெள்ளீயம், இது காரீயம்னேன். எங்கப்பா கைபட்ட பாத்திரத்தை விஷம்ங்கறீங்களா, நீங்க வேற வீடு பார்த்துக்கங்கன்னு வாணலியைப் பிடுங்கிக்கிட்டுக் கதவைச் சாத்திட்டார்.

மறுநாள் மேலே டிரில்லிங் மெஷின் சத்தம். கொஞ்ச நேரத்துல வாணலியோட வந்து நின்னார், நடு அடியில விரல் நுழையற ஓட்டை. இனிமே யாரும் இதுல சமைக்க முடியாது, சுவத்துல மாட்டிக்கறேன்னார். கண்ணு சிவந்திருந்தது. வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை, மன்னிப்பும் இல்லை. ஆனா போகும்போது ஒரு சாக்கை வாசல்ல வச்சுட்டு, உள்ளே ஏழெட்டு இருக்கு, எல்லாத்தையும் நீங்களே பார்த்துச் சொல்லுங்க, உங்களைத்தான் நம்பறேன்னார். கோபமா இருந்தப்பவாவது போகச் சொன்னார், இப்போ நாங்களாப் போறேன்னாலும் விடமாட்டார் போல.

நீயும் பழைய சாமான் கடையில இரும்புச் சட்டி வாங்கினதாச் சொன்னியே, அதுல முன்னாடி என்ன உருக்கினாங்களோ, பரிசோதிச்சுப் பார்க்காம அடுப்புல ஏத்தாதே. சூடா இருக்கிறப்போ பச்சைத்தண்ணி ஊத்தாதே, விரிசல் விட்டுடும். வேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசா, நினைச்ச இடத்துக்கு நினைச்சப்போ போக முடியறவளா இரு. மாடிப்படியில செருப்புச் சத்தம் கேக்குது, கையில கனமா ஏதோ இருக்கு போல, ஒவ்வொரு படியிலயும் நின்னு நின்னு வர்றார். நிறுத்திக்கறேன்.

இப்படிக்கு
உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற
அம்மா