சேகர் பெயரை நீ எடுக்கவில்லை

இன்று காலை திண்டிவனம் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு முழங்காலுக்கு வலித் தைலம் தேய்க்க ஆரம்பித்தார். ஜன்னல் பக்கம் திரும்பியும் அந்த நெடி விடவில்லை. ஆட்டத்துக்கு முன் பையன்கள் காலுக்கு நீ தேய்த்துவிடும் அதே தைலம். உடனே உன் ஞாபகம். ஞாபகம் என்ன ஞாபகம், எரிச்சல்தான் வந்தது. நீ போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. செத்தவன்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். நான் படுகிறேன்.

விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்த வருஷம் அங்கே நாம் இருவரும் ஃபுட்பால் டீம் ஆரம்பித்தோம். ஆட்டம் முடிந்தால் ஆளுக்கு ரெண்டு புரோட்டா, அதுதான் அன்றைய சம்பளம். அப்புறம்தான் சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் லீக் வந்தது. காசுள்ள டீம்கள் நல்ல ஆட்களையெல்லாம் வளைத்துப் போட, கமிட்டி ஒரு வரம்பு கட்டியது. நிலத்துக்கு வந்த உச்சவரம்புச் சட்டம் மாதிரியே அதற்கும் ‘சீலிங்’ என்று பெயர் வைத்தோம். ஒரு டீம் சீசனுக்குத் தரும் மொத்தச் சம்பளம் சீலிங்கைத் தாண்டக் கூடாது. பெயர் பதிந்தவன் மைதானத்தில் ஓடினாலும் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் அவன் சம்பளம் அதற்குள் வரும். பட்டியலிலிருந்து பெயரை எடுத்தால்தான் அந்த இடத்தில் வேறொருவனைப் போடலாம்.

நீ மேனேஜர், நான் கோலுக்கு முன்னால் தடுத்து ஆடும் பேக். சீலிங்குக்குள் ஆள் பிடிப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை, ஒப்புக்கொள்கிறேன். பேர் வாங்கியவனுக்குக் கொட்டிக் கொடுக்காமல் மரக்காணத்து மீனவக் குப்பங்களிலிருந்து மணலில் ஓடிப் பழகிய பையன்களைக் கூட்டிவந்தாய். “எல்லாத்தையும் முதல்லயே கொடுத்துடாத மச்சான், நடுவுல எவனுக்கு இன்னா ஆவுமோ” என்று சீலிங்கில் கொஞ்சம் இடத்தைக் காலியாகவே வைத்திருப்பாய். அப்படிப்பட்டவன், அந்த ஒரு வருஷம் மட்டும் மிச்சம் வைக்காமல் அந்தக் காலி இடம் முழுவதையும் கோல்கீப்பர் சேகருக்குக் கொடுத்தாய். வானூர்க்காரன். லீக்கிலேயே அவனை மாதிரி கீப்பர் கிடையாது, அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

அரையிறுதியில் கம்பத்தில் மோதி சேகருக்குக் கால் உடைந்தது. இறுதி ஆட்டம் திண்டிவனத்தில், திண்டிவனத்தோடு. கோட்டக்குப்பத்து ரஃபீக் நல்ல கீப்பர், எந்த டீமிலும் இல்லாமல் சும்மா இருந்தான், கூப்பிட்டால் வருகிறேன் என்றான். சேகர் பெயரை எடுத்தால் போதும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவனே சொன்னான்: “எம் பேர எடுத்துடுங்கண்ணே. ரஃபீக்க எறக்குங்க. கப்பு வந்தா போதும்.”

“நீ பேசாம படுத்துக்கினு இரு” என்று நீ வெளியே வந்துவிட்டாய்.

வராந்தாவில் உன்னோடு எப்படிச் சண்டை போட்டேன். “பேர எடுத்தா சம்பளம் நின்னுபூடும். அவன் ஊட்ல இன்னா துன்றது?” என்றாய். நாமே வசூல் பண்ணிக் கொடுக்கலாம் என்றேன். “கை நீட்டி வாங்க அவன் இன்னா பிச்சக்காரனா?” என்றாய். அதோடு பேச்சு முடிந்தது. நீ முடித்துவிட்டால் முடிந்ததுதான்.

கோலில் என்னை நிறுத்தினாய். வாழ்நாளெல்லாம் பந்தை உதைத்தவனைப் பிடி என்றால் எப்படிப் பிடிப்பான்? பந்து என்னைத் தாண்டித் தாண்டிப் போனது. திண்டிவனத்து ஜனம் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதைக்கூட விட்டுவிடலாம். உன் சாவுக்கு சேகர் வந்திருந்தான். அந்த இறுதி ஆட்டத்துக்குப் பிறகு அவன் மைதானத்துப் பக்கமே வரவில்லை, கட்டட வேலைக்குப் போய்விட்டான். ஏன்டா என்று அன்றுதான் கேட்டேன். “டீக்கடையில, ரோட்ல, எல்லாம் என்னையே பாத்தாங்கண்ணே. படுத்துக்கினே சம்பளம் வாங்கி கப்ப வுட்டவன்னாங்க. மேனேஜர் அண்ணன் எம் பேர எடுத்திருந்தா, கால் ஆறினதும் வந்து ஆடிக்கினு இருந்திருப்பேன்” என்றான். எனக்கு உன்மேல் வந்த ஆத்திரத்துக்கு, நீ அங்கே மாலையோடு படுத்திருந்ததுகூடத் தடையாக இல்லை. நல்லது செய்கிறேன் என்று அவனை என்ன செய்து வைத்திருக்கிறாய் பார்.

இப்போது மேனேஜர் நான். இந்த வருஷம் நம் ஃபார்வர்டு பிரபுவுக்கு முட்டி போய், முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து கிடக்கிறான். பேரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடச் சொல்லி பசங்கள் நச்சரிக்கிறார்கள். எடுத்துவிடுவது என்றுதான் இன்று கிளம்பினேன். உன்னைப் போல் செய்யக் கூடாது என்ற வைராக்கியம். திண்டிவனத்தில் கமிட்டியிடம் பட்டியலைக் கொடுப்பதற்கு முன் அவனிடம் சொல்லிவிடலாம் என்று முண்டியம்பாக்கத்தில் இறங்கினேன்.

போய்ப் பார்த்ததும், சொல்வதற்குப் பதிலாக, “என்னடா பண்ணட்டும்?” என்று கேட்டேன்.

“எடுக்காதீங்கண்ணே” என்றான். “தோத்தா என்னத் திட்டட்டும். பேரு இருந்தா நானும் டீம்ல கீறேன்னு இங்க படுத்துக்கினாவது இருப்பேன்.”

திண்டிவனம் போய் பட்டியலை பிரபு பெயரோடே கொடுத்துவிட்டு வந்தேன். இந்த வருஷமும் கப்பு வராது. கடைசியில் நீ செய்ததையேதான் செய்திருக்கிறேன். ஆனால் நான் அவனைக் கேட்டேன்டா. சேகர் கேட்காமலே சொன்னான், நீ காதில் வாங்கவில்லை. இதைச் சொல்லி உன்னோடு இன்னொரு சண்டை போட வேண்டும். வேறு யாரிடம் போய்ப் போடுவேன்?