ஒரு மஞ்சாடி முத்துக்குள்

1958 ஆகஸ்டு 28, வியாழன்

வெயில். கச்சான் காற்று வேறு. கீழக்கரைத் தெருவெல்லாம் மணல்.

பரீட்சைக்கு இன்னும் பதினோரு நாள். மார்ச்சில் கெமிஸ்ட்ரி போனது. இந்த முறையும் போனால் கொழும்பில் மாமா கடை. வாப்பா சொன்னது: "தேறலேன்னா கப்பலேறிரு. முத்துப் பார்க்கத் தெரிஞ்சவனுக்குக் கெமிஸ்ட்ரி எதுக்கு?" எனக்குப் படிக்க வேண்டும். அதைச் சொல்ல வாய் வரவில்லை, கோழை.

முத்தையா வந்தான். உத்தரகோசமங்கையிலிருந்து சைக்கிளில். மார்ச்சில் என்னோடு எழுதித் தேறியவன். இப்போது பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை. என் நோட்டைப் புரட்டினான்.

"ஏலே காசிம், என்னலே இது? எல்லாக் கணக்கிலயும் எடையை எடையாலயே பெருக்கி வச்சிருக்க?"

ஆமாம். பதினெட்டு கிராம் தண்ணீர் எத்தனை மோல்? பதினெட்டால் வகுத்தால் ஒன்று, முடிந்தது. நான் பதினெட்டைப் பதினெட்டால் பெருக்கி, அப்புறம் வகுத்து, பதினெட்டு மோல்!

செவ்வுக் கணக்கின் வேலை. முத்து வியாபாரத்தில் எடை இரண்டு மடங்கானால் மதிப்பு நான்கு மடங்கு. அதனால் எடையை எடையால் பெருக்குவோம். பத்து வயதிலிருந்து வாப்பாவுக்குப் போட்டுக் கொடுக்கிறேன், கை தானாகப் போகிறது. முத்தையா விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு அழுகை.

ஆகஸ்டு 30, சனி

வாப்பாவிடம் ஒரு மஞ்சாடி எடையுள்ள முத்து கேட்டேன்.

"எதுக்கு?"

"பள்ளிக்கூடத் தராசில நிறுக்க."

"நம்ம தராசுக்கு என்ன கேடு?"

கொடுத்தார், மஞ்சள் பாய்ந்ததாகப் பார்த்து.

ஆய்வகத்தில் நிறுத்தோம். 0.2 கிராம். முத்து என்பது கால்சியம் கார்பனேட். நூறு கிராம் ஒரு மோல். ஆக 0.002 மோல். ஒரு மோலுக்கு 6.02 × 10²³ மூலக்கூறு. பெருக்கினால் பன்னிரண்டு, அதன்பின் இருபது பூஜ்யம். ஒவ்வொன்றிலும் ஐந்து அணு: கால்சியம் ஒன்று, கார்பன் ஒன்று, ஆக்சிஜன் மூன்று. மொத்தம் ஆறு, அதன்பின் இருபத்தொரு பூஜ்யம்.

மூன்று தடவை சரிபார்த்தேன். முழுதாக எழுதினேன். வாய்விட்டுப் படிக்கத் தெரியவில்லை.

முத்தை உள்ளங்கையில் வைத்துக் கையை மூடினேன். இத்தனையும் உள்ளே. பயமாகக்கூட இருந்தது.

ஆகஸ்டு 31

வாங்க வேண்டியது: சைக்கிள் டியூப். உம்மாவுக்குத் தைலம். பேனா மை.

லுஹர் தொழுதுவிட்டு வந்த வாப்பாவிடம் அந்த எண்ணைக் காட்டினேன்.

"சுபுஹானல்லாஹ்! இதுக்குள்ளயா?" பிறகு, "ரெண்டு மஞ்சாடின்னா? நாலு மடங்கா?"

"ரெண்டு மடங்குதான் வாப்பா. அங்க செவ்வு கிடையாது."

"மஞ்சளுக்கும் வெள்ளைக்கும்?"

"ஒரே எண்."

"சிப்பி ஓடு?"

"எடை ஒண்ணுன்னா கிட்டத்தட்ட அதேதான்."

முத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடைக்கு வாரவங்ககிட்ட இதச் சொல்லிராத" என்றார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்று மதுரையில் பரீட்சை. 49 கிராம் கந்தக அமிலம், எத்தனை மூலக்கூறு? கை 49 × 49 எழுதிவிட்டது. தாள் கிழிகிற மாதிரி அடித்தேன். 98 கிராம் ஒரு மோல், ஆக அரை மோல். 3.01 × 10²³. வேறு இரண்டு கேள்வி விட்டுவிட்டேன். தேறுவேனா, தெரியாது.

இன்று பஸ்ஸை விட்டு இறங்கினால் வாப்பா நிற்கிறார். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை.

"கொழும்புக்குக் கடுதாசி போட்டுட்டேன், நீ வரலேன்னு."

"ரிசல்ட் இன்னும் வரலையே வாப்பா."

"வரும்போது வரட்டும். போச்சுன்னா மறுபடி எழுது." கொஞ்ச தூரம் நடந்து, "முப்பது வருசமா முத்து நிறுக்கேன். உள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளும் கேக்கத் தோணல."

என் பையை வாங்கிக்கொண்டார்.