தொட்டியிலேருந்து எதையும் எடுக்காதீங்க

என்னங்க,

நான் கடை திறக்கப் போறேன். கால் ஆடுற அந்த நாற்காலியைக் குப்பைத் தொட்டியில போட்டேன்னு நேத்து நீங்க கத்தின கத்துல நல்லா அசந்து தூங்குறீங்க. எழுப்ப மனசு வரலை. சாப்பாடு மூடி வச்சிருக்கேன்.

வாடகைக்கு எடுத்த குப்பைத் தொட்டியைத் தூக்க மத்தியானம் லாரி வருது. உங்க பட்டறையில கிடக்கிற மரத்தூள் மூட்டை, ஒடஞ்ச பலகை எல்லாத்தையும் அதுல போட்டுடுங்க. பெயின்ட் டப்பா மட்டும் வேண்டாம், எடுத்துக்க மாட்டாங்களாம். விளிம்புக்கு மேல ஒரு குச்சி நீட்டிக்கிட்டு இருந்தாலும் டிரைவர் தொடமாட்டார்.

முக்கியமா, தொட்டியிலேருந்து எதையும் திரும்ப எடுக்காதீங்க! போன தடவை பக்கத்து வீட்டுக்காரர் நைசா போட்டுட்டுப் போன கட்டிலைக்கூட உள்ள தூக்கிட்டு வந்தீங்க. "நல்ல மரம்"னு இந்தத் தடவை வாயைத் திறக்கக் கூடாது.

சாவி செருப்பு ஸ்டாண்டு மேல.

மறந்துட்டேன்: நாற்காலியைத் தேடித் தொட்டிக்குள்ள தலையை விடாதீங்க. விளிம்புக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்துச்சுன்னுதான் எடுத்தேன், வேற ஒண்ணுமில்ல. பீரோ பின்னால இருக்கு. கல்யாணமான புதுசுல எனக்குன்னு நீங்க செஞ்ச நாற்காலியாச்சே, அந்த ஆடுற காலை ஒட்டி வைங்க. சாயங்காலம் வந்து அதுலதான் உக்காருவேன்.

நல்ல மரம்.