நாற்பத்தொன்றாவது மாதிரி

ஃபயூம், எகிப்து,
வியாழக்கிழமை

அன்புள்ள ரிஃப்அத்துக்கு இல்ஹாம் எழுதுவது. குவைத்தின் வெயிலில் இறைவன் உங்களை நலமாக வைத்திருக்கட்டும். இங்கும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

போனில் தினமும் நம் மகள் ருகையாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். "தேறிட்டு வர்றா" என்கிறேன். பொய். போன் பேசும்போது உங்கள் அம்மா பக்கத்திலேயே இருப்பதால் எழுதுகிறேன். நாலு வாரமாக வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

வயிற்றுப்போக்குள்ள நாற்பது குழந்தைகளின் மலத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒட்டுண்ணி தேடுகிறோம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? நுண்ணோக்கியில் எல்லாம் ஒரே மாதிரி உருண்டைகள்தான். மரபணுவைப் பார்த்தால்தான் குலம் கோத்திரம் தெரியும். ஏழு வகை வந்தது. ஆறு வகை மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது. ஏழாவது கன்றுக்குட்டிகளுடையது, சாணம் பட்ட பச்சைப்பாலிலும் வரும். கால்வாய்க்கு அப்பால் எருமை வளர்க்கும் உம் சாபிர் என்ற பெண்ணின் மகனிடம் மட்டும் அது இருந்தது. நம் பிள்ளையின் மாதிரியை நாற்பத்தொன்றாவதாக நானே வைத்தேன். அதுவும் ஏழாவது வகை.

மாதிரி வாங்கப் போன அன்று உம் சாபிர் ஒரு பாட்டில் எருமைப்பாலைக் கையில் திணித்தாள். "டாக்டரம்மா, வெறுங்கையோட அனுப்பினா ஊர் என்ன பேசும்? வாங்கலன்னா என் மவனத் தொடவே விடமாட்டேன்" என்று சிரித்தாள். நான் டாக்டர் இல்லை என்று சொன்னாலும் கேட்கமாட்டாள். பாலைக் காய்ச்சாமல் கொடுக்காதே என்று அவள் வாசலில் அரைமணி நேரம் பேசியவள் நான்தான். ஊருக்குத்தான் உபதேசம். வீட்டில் சிலிண்டர் தீர்ந்திருந்தது. ருகையா பசியில் கத்தினாள். ஒரு வேளைதானே என்று அப்படியே புகட்டிவிட்டேன்.

"இருக்கிற ஒரே மருந்தையும் ஒரு வயசு ஆகாத புள்ளைக்குக் கொடுக்கிறதில்ல, உடம்புல தண்ணி குறையாமப் பாத்துக்கங்க" என்றார் டாக்டர். அவளுக்குப் பத்து மாதம். நேற்றிலிருந்து கரண்டியில் விடும் உப்புச் சர்க்கரை நீரும் கடைவாயில் வழிந்துவிடுகிறது.

உங்கள் அம்மாவுக்குப் பால் விஷயம் தெரியாது. "நான்தான் சரியா கை கழுவல, பாவி, புள்ளையக் கெடுத்துட்டேன்" என்று அழுகிறார்கள். பிள்ளையைத் தொடவே பயப்படுகிறார்கள். பரிசோதனை முடிவு வந்து பத்து நாளாகிறது, நான் வாயைத் திறக்கவில்லை. பழி அவர்களிடமே இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன். இவ்வளவு கேவலமானவள் நான் என்று எனக்கே தெரியாது. இதை உறையில் போட்டு, இன்றிரவு குவைத்துக்கு விமானம் ஏறுபவரிடம் கொடுத்ததும் போய்ச் சொல்லப்போகிறேன்.

பிறந்தநாளுக்குச் செருப்பு வாங்கக் கால் அளவு கேட்டிருந்தீர்கள். நான் அளக்கவில்லை. செருப்பு வேண்டாம், கிடைக்கிற முதல் விமானத்தில் வாருங்கள். என்னைத் திட்ட வாழ்நாள் முழுக்க இருக்கிறது. பிறந்ததிலிருந்து நீங்கள் அவளைத் தூக்கியதே இல்லை. உடம்பில் சூடு இருக்கும்போதே ஒருமுறை தூக்கிக்கொள்ளுங்கள்.

இறைவன் உங்கள் வழியைச் சுருக்கித் தரட்டும்.

உங்கள்
இல்ஹாம்