பாதுகாப்புப் படிப்புக்கு ஆள் சேருமா?

ஜனவரி 8
முதல்வர் கூப்பிட்டு ஒரு வேலையைத் தலையில் கட்டிவிட்டார். எங்கள் கல்லூரியில் பாதுகாப்பு மேலாண்மைக்கு ஒரு பட்டப்படிப்பு தொடங்கினால் ஆள் சேருமா? விசாரித்து அறிக்கை தர வேண்டும். வீட்டில் சொன்னதும் கமிஷனருக்கு வாயெல்லாம் பல். கமிஷனர் என்றால் என் மனைவிதான். பெரிய மால் ஒன்றில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். ராத்திரி நான் பூட்டிய கதவைத் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

ஜனவரி 21
பள்ளி பள்ளியாக ஏறி இறங்குகிறேன். ஒரு அப்பா கேட்டார்: "வாசல்ல நிக்கறதுக்கு மூணு வருஷம் படிக்கணுமா சார்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டில் சொல்லவில்லை.

பிப்ரவரி 3
கால் வலிதான் மிச்சம்.

பிப்ரவரி 11
கமிஷனர் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். தலைவலியாம். நச்சரித்த பிறகுதான் சொன்னாள் – மேலாளர் பதவியை வெளியாள் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "வேலையெல்லாம் நான் பாக்கணுமாம். பட்டம் இல்லாததால பதவி மட்டும் கிடையாதாம்." அழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பேச்சை மாற்றுவதாக நினைத்து, ஒரு பையனும் சேரத் தயாராக இல்லை என்றேன். எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த வேலை என்னன்னே தெரியாத பசங்களப் போய்க் கேட்டா? என்னைக் கேட்டீங்களா?"

கேட்கலையே! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேனே, மடையன்.

பிப்ரவரி 16
ஷிப்ட் மாறும் நேரத்தில் மாலின் பின்வாசலுக்குப் போனேன். என் பையைச் சோதித்த பிறகுதான் "இவர் என் வீட்டுக்காரர்" என்று அறிமுகப்படுத்தினாள். பக்கத்து மருத்துவமனைக் காவலர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "சாயங்கால வகுப்பு உண்டா சார்?"

மார்ச் 9
மாலை வகுப்பாகவே நடத்தலாம் என்று முதல்வர் ஒப்புக்கொண்டார். ஓடிவந்து சொன்னேன். "இந்த வயசுல நான் பரீட்சை எழுதணுமாக்கும்!" என்று அலுத்துக்கொண்டாள். அவளுடைய பழைய சான்றிதழ்கள் ஏற்கெனவே மேசைமேல் இருந்தன.

ஜூலை 2
முதல் வகுப்பு. வருகைப் பதிவில் அவள் பெயரைக் கூப்பிட்டேன். முதல் வரிசையில் எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

எல்லோரும் போன பிறகும் வராந்தாவில் காத்திருந்தாள். நான் வகுப்பறையைப் பூட்டினேன். கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "போலாம் வாங்க" என்றாள்.