சிவப்புப் பட்டன்

ஐப்பசி 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கரண்ட் இரண்டு தடவை போனது.

அக்காவுக்குப் பேச்சு நின்று இரண்டு மாதம். கை காலில் அசைவது இடது கட்டைவிரல் மட்டும். அதற்காகத்தான் லேப்டாப்பில், எனக்கு வரும் ஒரே கணினி மொழியான லிஸ்பில், இந்த ஜன்னல். நாலு கலர் கட்டம், நாலு பட்டன். அமுக்கினால் அவள் புருஷன், என் மாமாவின் குரல் அவளுக்காகப் பேசும்.

பேட்டரி எச்சரிக்கை வந்து ஜன்னலை மறைத்தது. விலகியதும் கட்டங்களைக் காணோம், வெறும் சாம்பல். 'மறுபடி வரைந்துகொள்' என்று கணினி அனுப்பும் செய்தியை என் நிரல் கேட்கவே இல்லை. மடையன் நான். சேர்த்தாச்சு.

மாலை குரல் பதிவு. தண்ணி, பாத்ரூம், போர்வை ஆயிற்று. நாலாவது சிவப்பு, 'வலிக்குது'. அதில் மாமா நின்றுவிட்டார்.

"விளக்கு வெக்கிற நேரத்துல வலிக்குதுன்னு சொல்ல சொல்றியே மச்சான். வூட்ல இருக்கறது போதாதா? பகல்ல சொல்றேன்."

சரி என்றேன். சிவப்பு மட்டும் ஊமை.

புதன்

வாங்க: மாத்திரை, டார்ச் செல்.

மாமா விடியுமுன் சாமைக் கொல்லைக்கு. அக்கா தண்ணி கேட்டாள், குரல் வந்தது. பாதி வாயில் சிரித்தாள். எனக்கு அழுகை.

பிறகு சிவப்பையே அமுக்கிக்கொண்டிருந்தாள். "அதுல இன்னும் குரல் இல்லக்கா, விளையாடாத." கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கம் என்று நினைத்தேன்.

மாமா வந்தபோது விளக்கு ஏற்றியாகிவிட்டது. பதிவு பற்றி நான் கேட்கவில்லை.

வியாழன்

நல்ல மழை. மாமா வீட்டில். காலையிலேயே பதிவு.

லிஸ்பில் ஓடுகிற நிரலை நிறுத்தாமலே மாற்றலாம். சிவப்புக்குக் குரல் சேர்த்தேன். யாரும் பட்டனைத் தொடவில்லை. லேப்டாப்பிலிருந்து மாமா குரல்.

வலிக்குது. வலிக்குது. வலிக்குது.

பதினொரு தடவை.

"இன்னா மச்சான், எதுக்கு இத்தினி வாட்டி?"

நேற்று அமுக்கியதெல்லாம். குரல் இல்லாததால் ஒவ்வொன்றுக்கும் நிரல் 'இல்லை' என்று திருப்பியிருக்கிறது. அப்படித் திருப்பினால் அது கவனிக்கப்படாத செய்தி. கலையாது, வரிசையிலேயே நிற்கும். இது தெரிந்தவன்தான் நான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவனும் நான்தான்.

"நேத்து அக்கா அமுக்குனது மாமா."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "எங்க வலிக்குதும்மா?"

எங்கே என்பதற்குப் பட்டன் வைக்கவில்லை. ஆமாம், இல்லை என்பதற்கும்.

போளூர் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி சொல்லியாச்சு. மழையில் மலை ஏறி வர நேரமாகுமாம். மாமா தலையைத் தொட்டு "இங்கயா?" என்றார். சிவப்பு. வயிற்றைத் தொட்டார். சிவப்பு. காலைத் தொட்டார்.

சிவப்பு.