தரைநீலத்துக்கு நான் ஊற்றிய தண்ணீர்

அன்புள்ள பாப்பா,

எனக்கு உடம்பு சௌகரியம். நீயும் சளி விட்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவும் சௌகரியம் என்று அடுத்த வரியை எழுத முடியாமல்தான் இரண்டு நாளாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். போன வாரம் நீ போனில் கேட்டபோது, வெயில் அதிகம், அசதியில் படுத்திருக்கிறார் என்றேன். அது பொய். போனில் எனக்கு நேராகப் பேச வராது, உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன்.

மழை இல்லாமல் இது இரண்டாவது வருஷம். தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடக் கூடாது என்று நகராட்சி நோட்டீஸ் ஒட்டிய மாதமே வாசல் புல் கருகிவிட்டது. அப்புறம் வெறும் மண்தான், காற்றடித்தால் கூடத்து சோபா வரைக்கும் புழுதி. ஆலை மூடியதிலிருந்து அப்பா அந்த சோபாவில்தான் இருந்தார், மேலே புழுதி படிவதுகூடத் தெரியாமல். இருபத்தாறு வருஷம் பாய்லர் பார்த்தவர், ஷிப்டுக்கு ஐந்து நிமிஷம் பிந்தாதவர், பதினொரு மணிக்குப் பல் தேய்த்தார். நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாரோ, திரும்பி வரும்போதும் அதே பக்கம். புழுதிக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்கத்தான் நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரர், வேற எதுவும் இப்ப வாங்காதீங்க மேடம், ரயில் பாதையோரம் ஜல்லிக்கு நடுவுல நீலமா பூத்துப் படர்ந்து கிடக்குமே, தரைநீலம், இந்த மண்ணுலயே பிறந்தது, வேர் பிடிச்சிட்டா அப்புறம் நீங்க அதை மறந்தே போகலாம் என்றார். தண்ணீர் இல்லாமல் வாழும் என்று விற்கிறவர் சொன்னால் நம்புகிற ஆளா நான். இருந்தாலும் புழுதிக்குப் பயந்து கொடித் துண்டுகளை ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்து, வந்த கையோடு நட உட்கார்ந்தேன். அப்பா எழுந்து வாசல்படி வரை வந்து, இப்படி நட்டா வராது என்றார். ஏழு மாதத்தில் யாரும் கேட்காமல் அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

மறுநாள் ஆறு மணிக்கு ஷேவ் செய்துகொண்டு நின்றார். மண்ணைக் கொத்தி, மணலும் பொடி ஜல்லியும் கலந்தார். எரு போட்டுச் சொகுசு காட்டினால் தண்டுதான் நீளும், பூக்காது என்று நர்சரிக்காரர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். நூல் கட்டி, ஒரு சாண் இடைவெளி விட்டு, நூற்று நாற்பத்து நாலு துண்டு. பாய்லருக்கு எழுதியதுபோலவே இதற்கும் ஒரு நோட்டு, தேதி, எத்தனை மக் தண்ணீர், எத்தனை துளிர், கோளாறு, காரணம் என்று கட்டம் போட்டு. முதல் மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் அரிசி, காய் கழுவிய தண்ணீர், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு அடியோடு நிறுத்தம். எதிர்வீட்டு டெய்லர் வந்து பார்த்துவிட்டு, என்ன சார், சும்மா சுத்திக்கிட்டு இருந்ததைப் பிடிச்சு வந்து ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி வரிசையில உட்கார வச்சிட்டீங்க என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, பாஸாகட்டும், உங்க வாசலுக்கு டிரான்ஸ்பர் போட்டுத் தரேன் என்றார். நான் சமையலறை ஜன்னலில் நின்று கேட்டேன். அப்பா கடைசியாக எப்போது சிரித்தார் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

தண்ணீரை நிறுத்தியதும் மதியத்தில் இலை சுருண்டது. வெயில் தாழ்ந்ததும் விரிந்துவிடும், அதன் இயல்பே அப்படி என்று அப்பா நோட்டில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இது செத்தால் இவர் மறுபடி சோபாவுக்குப் போய்விடுவாரே என்று பயம். சாயங்காலம் அவர் நடக்கப் போகும் நேரம் பார்த்து, வாஷிங் மெஷினில் கடைசியாக அலசிய தண்ணீரை ஒரு வாளி பிடித்து, வீட்டுப் பக்கத்து வரிசைகளுக்கு ஊற்றினேன். ஈரம் தெரியாமலிருக்க மேலே காய்ந்த மண்ணைத் தூவினேன். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, பதினெட்டு நாள். பரிசோதனை நடக்கும்போது இடையில் கை வைக்காதே என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளைத் திட்டுகிற கெமிஸ்ட்ரி டீச்சர் நான். பத்தொன்பதாம் நாள் அந்த வரிசைகளில் தண்டெல்லாம் மண்ணோடு ஒட்டிய இடத்தில் கறுத்துக் கூழாகியிருந்தது. அப்பா எண்ணிப் பார்த்தார், எண்பத்து மூன்று போய்விட்டது. நோட்டை முதலிலிருந்து கடைசி வரை புரட்டி, எல்லாம் சரியாத்தானே செஞ்சேன் என்றார். பிறகு அதை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தவர்தான், பன்னிரண்டு நாள். சுவரைப் பார்த்தபடி கிடப்பார், கூப்பிட்டால் ம் என்பார். நீ போன் செய்த அன்றும் அப்படித்தான் கிடந்தார்.

ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்பாய். தப்பு செய்தேன் என்று சொல்வது எனக்குக் கஷ்டமில்லை. உங்களால் முடியும் என்று நான் நம்பவில்லை என்பதையும் அவரிடம் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுதாகும், அதற்குத்தான் வாய் வரவில்லை. முந்தாநாள் அறையைப் பெருக்கும்போது நோட்டை எடுத்துப் பார்த்தேன். காரணம் என்ற கட்டத்தில் இயக்குபவர் என்று, அதாவது தன்னையே, எழுதியிருந்தார். அன்று கல்லூரிக்குப் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். எத்தனை நாள், எத்தனை வாளி, எந்த வரிசை என்று கேட்டார். வாய்மொழித் தேர்வு மாதிரி பதில் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. டீச்சரம்மா, எனக்குத் தெரியாம இன்னும் எதுக்கெல்லாம் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்க என்று கேட்டார். மழுப்பியிருக்கலாம். உன் மாமாவின் கிடங்கில் அவருக்கு ஒரு வேலை கொடுக்கச் சொல்லி நாம் இருவரும் கேட்டதையும், மாமா தனக்கே ஆள் தேவைப்படுகிற மாதிரி கூப்பிட வேண்டும் என்று பேசி வைத்ததையும் சொல்லிவிட்டேன். போர்வையை மடித்துக் கால்மாட்டில் வைத்தார். அப்புறம், பாப்பாவுமா என்றார். ஆமாம் என்றேன். என் தப்பைக் கேட்டபோது மாறாத முகம் அப்போது மாறியது பாப்பா, அதை உனக்கு மறைக்கக் கூடாது.

இப்போது படுக்கையில் இல்லை. கோபத்தில் எழுந்திருக்கிறார். அழுகியதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். என்னோடு பேச்சில்லை. ஏதாவது வேண்டுமென்றால், சாப்பாடு ஆச்சான்னு யாராச்சும் சொன்னா நல்லாருக்கும் என்று ஃபேனைப் பார்த்துச் சொல்கிறார். கேட் பக்கம் என் வாளி எட்டாத அறுபத்தொன்று பிழைத்திருக்கின்றன. காலையில் அவற்றின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். செடியைப் பார்க்கிறாரா, வெறுமனே உட்கார்ந்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. தேறிவிடுவார் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும், தெரியாததை எழுத எனக்கு மனம் இல்லை.

மாமாவைக் கூப்பிட்டு, அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடச் சொல். ஞாயிற்றுக்கிழமை பாப்பாகிட்ட பேசணும் என்று அப்பா ஃபேனிடம் சொன்னார். வேலை விஷயத்தைத்தான் கேட்பார். அம்மா சொன்னாள் அதனால் செய்தேன் என்று என் தலையில் போடாதே, முதலில் யோசனை சொன்னது நீதான், அதை ஒப்புக்கொள். சமாதானம் எதுவும் யோசித்து வைக்காதே. முக்கியமாக, அழாதே. நீ அழுதால் அவர் தன் கோபத்தை விழுங்கிவிட்டு உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார், கேட்க வந்ததைக் கேட்கவே மாட்டார். இந்த ஒரு தடவையாவது அவர் கேட்டு முடிக்கட்டும்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனைக் கையிலேயே வைத்திரு.

இப்படிக்கு,
உன் அம்மா